மாமாவுக்காகக் காத்திருந்த திரை

அந்தச் சிறு சதுரம் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துகொண்டிருந்தது. சேலத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் அன்று நான் மட்டும் வகுப்புக்கு முன்னாலேயே வந்திருந்தேன். ஒரு பத்திரிகையில் வந்த விளையாட்டு நிரலை வரி வரியாகத் தட்டி ஏற்றி, பிழை பார்த்து, ஓட வைத்திருந்தேன். இரண்டு கோட்டைகள். ஒன்று எனக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. நான் ஒரு தடவை நகர்த்தினால் அது ஒரு தடவை நகர்த்தும். என் முறை வந்த நேரத்தில் டீ குடிக்கக் கீழே போனேன். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்று, யாரோடோ பேசி, நனைந்து மேலே வந்தபோது அந்தச் சதுரம் அதே இடத்தில் எரிந்து அணைந்துகொண்டிருந்தது. எதிரிப் படை என் கோட்டை வாசலில் நின்றது. உள்ளே வரவில்லை. நான் இல்லாததைச் சாக்காக வைத்து ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. ஈரத் தலையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மாமாவுக்கு இதைக் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். திருச்செங்கோட்டிலிருந்து நாலைந்து மைல் தள்ளி அவர்கள் ஊர். மாமாவும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்தார்கள். வண்டி மாமா பெயரில் இருந்தது. மழை ஓய்ந்ததும் வடக்கே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பிப் போனால் அடுத்த மழைக்குத்தான் ஊர் திரும்பும். அக்கா கல்யாணமான புதிதில், வண்டி உள்ளூரில் ஓடிய நாட்களில் நானும் கூடவே தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன். துளைபோடும் நீள இரும்புத் தண்டான ராடு ஒன்று உள்ளே போய், அதன் மேல் அடுத்த ராடு மாட்டி, அதுவும் போய், தண்ணீர் வராமல் வெறும் கல்தூள் புகையாகக் கிளம்பி எல்லார் தலையையும் வெள்ளையாக்கும். அடிக் கணக்கில் காசு கொடுத்துக் கிணறு போடும் தோட்டக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குழியையே பார்த்துக்கொண்டு நிற்பார். நிறுத்துவதா, இன்னொரு ராடு விடுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மற்ற ரிக் வண்டிக்காரர்கள் கம்ப்ரஸரை ஓடவிட்டபடியே அந்தக் காட்டுக் கத்தலுக்கு நடுவில் பதில் கேட்பார்கள். பதில் வருவதற்குள் ராடும் மாட்டியிருக்கும். மாமா அப்படிச் செய்யமாட்டார். ஒவ்வொரு தடவையும் கம்ப்ரஸரை அணைத்துவிடுவார். திடீரென்று காடு முழுக்க அமைதியாகிவிடும். எங்கோ ஒரு ஆடு கத்துவது கேட்கும். "அவசரமில்லீங்க, ரோசனை பண்ணிச் சொல்லுங்க" என்பார். டீசல் வீணாகிறது, நேரம் வீணாகிறது என்று தம்பி முணுமுணுப்பார். மாமா பீடி பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நிற்பார்.

பெரும்பாலும் பதில் ஒன்றுதான். "இன்னும் ஒரே ஒரு ராடு உடுங்க." அதுவும் புகைந்தால் மறுபடி அதே பதில். அடுத்த ராடில் தண்ணீர் இருக்கலாம் என்கிற ஒரு நினைப்பு மனிதனை எத்தனை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்பதை நான் அந்தப் புகைக்குள் நின்றுதான் பார்த்தேன். பின்னால், முறை வைத்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் விழுந்து எழ முடியாமல் கிடந்தபோது, சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடும்போதெல்லாம் 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று நானும் சொன்னேன். சொல்லும்போதே அந்தத் தோட்டக்காரர்களின் குரல் காதில் கேட்கும்.

விபத்து வடக்கே நடந்தது. ராடு உருவும்போது சங்கிலி நழுவி, தொங்கிய ராடு மாமாவின் தலையில் இடப்பக்கமாக அடித்தது. உயிர் பிழைத்தார். ஆஸ்பத்திரிகளில் கிடந்து வீடு வந்து சேர்ந்தபோது வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது. பேச்சு அடியோடு போனது என்று சொல்ல முடியாது. ஒரு சொல் வர வெகு நேரம் பிடித்தது. அவர் கண் நம் முகத்தில் நிற்கும், தொண்டை அசையும், உதடு கூடும், பிரியும், மறுபடி கூடும். அதற்குள் நாம் இரண்டு விஷயம் கேட்டு, இரண்டுக்கும் நாமே பதிலும் சொல்லியிருப்போம். பொறுத்திருந்தால் சொல் வரும். சரியான சொல்லாக வரும். அதைக் கண்டுபிடித்தவள் அக்கா. ஆனால் மாடு கறந்து, சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, மாமாவைப் புரட்டித் துடைத்துப் படுக்கவைக்கிற ஒருத்தியால் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? வந்து பார்க்கிறவர்கள் நிற்கவே இல்லை. "தண்ணி வேணுங்களா, படுக்கோணுங்களா, காத்து வரலீங்களா?" என்று அடுக்குவார்கள். மாமா இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கி அடிப்பார். புத்தி கலங்கிவிட்டது என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

சென்டர் நடத்தியவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ரப்பர் விசைகள் வைத்த சின்னப் பெட்டி. டிவியில் மாட்டினால் ஓடும். நிரலை டேப்ரெக்கார்டரிலிருந்து ஏற்ற வேண்டும். கெஞ்சி வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்பே கோட்டை விளையாட்டைப் பிரித்துப் போட்டு வேறு மாதிரி எழுதியிருந்தேன். கோட்டைக்குப் பதில் ரிக் வண்டி. கட்டம் கட்டமாக ஒரு தாலுகா. மாமாவுக்கு ஒரு வண்டி, கம்ப்யூட்டருக்கு ஒரு வண்டி. எந்த ஊருக்கு நகர்வது, அங்கே இன்னொரு ராடு விடுவதா, கைவிட்டுப் போவதா, டீசலை எதிராளிக்கு முன்னால் எங்கே பிடிப்பது என்று ஒவ்வொரு முறையும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கல் எங்கே, தண்ணீர் எங்கே என்பது மறைந்திருக்கும். எழுதும்போது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, இது மாமாவை எழுப்பி உட்காரவைத்துவிடும் என்றே நம்பினேன். அந்த வயதில் அப்படித்தான் நம்ப முடியும்.

டேப் கிறீச்சிட்டபோது அக்காவின் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வண்டியை ஆட்களிடம் விட்டு ஊர் வந்திருந்த மாமாவின் தம்பி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, பேசாதவருக்குத் தொணையா பேசாத பொட்டி ஒன்னக் கொண்டாந்துட்டியா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர் அவர்தான். துக்கத்தைக் கேலியாகத்தான் அவருக்குப் பேசத் தெரியும்.

நான் மாமாவின் இடது கையை விசைகளின் மேல் வைத்தேன். சதுரம் எரிந்து அணைந்தது. மாமா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் கையை எடுத்துக்கொண்டேன். திரையும் சும்மா இருந்தது. வழக்கம்போல யாராவது அவசரப்படுத்துவார்கள் என்று அவர் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. யாரும் அவசரப்படுத்தாமல் வெகு நேரம் போனது. பிறகு ஒரு விரல் இறங்கியது. அவர் வண்டி ஒரு கட்டம் நகர்ந்தது. கம்ப்யூட்டரின் வண்டி ஒரு கட்டம் நகர்ந்து நின்றது. மறுபடியும் சதுரம். மாமாவின் தோள் தளர்வதைப் பார்த்தேன். விபத்துக்குப் பிறகு அவருடைய முறை என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கோடை முழுக்க ஆடினார். தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் மின்சாரம் மங்கித் திரை சுருங்கும். மின்வெட்டு வந்தால் ஆட்டமே அழிந்துபோகும். நான் பல்லைக் கடிப்பேன். மாமா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். மின்சாரம் வந்ததும் விரலால் பெட்டியைத் தட்டுவார், ஏற்று என்று. எதிராளி வண்டி பாறை ஊரில் போய் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கமாகக் கோணி வரும் சிரிப்பு ஒன்று வந்தது. கட்டிலை அடிப்பது குறைந்தது. பிறகு நின்றே போனது. சொல் வராவிட்டால் பதறாமல், ஏதோ நகர்வை யோசிப்பவர் போலக் காத்து, கூட்டி, சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் காத்திருந்தேன். "வண்டி" என்றார். மறுபடி நெடுநேரம். அடுப்படியில் அக்கா பாத்திரம் கழுவி முடித்துவிட்டாள். "உங்கக்காவுக்கு" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டியைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் அவர், வடக்கே போலீஸுக்கும் ஆபீஸுக்கும் பதில் சொல்கிறவர் அவர், அண்ணன் குடும்பத்தை உட்காரவைத்துச் சோறு போடுவேன் என்று கோயிலில் சத்தியம் செய்தவரும் அவர். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி போய்விட்டால் அக்காவும் குழந்தையும் காலம் முழுக்க இன்னொருவர் வீட்டுச் சோற்றை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அந்த மனிதர் நல்லவராக இருக்கும்வரை சரி. மாமா அதைத்தான் கட்டிலில் கிடந்து யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நாஞ் சொன்னா நாந்தா மந்திரிச்சு உட்டேம்பாங்க. அவரு வாயில வரோணும். கேக்காம ஒன்னும் பண்ண மாட்டாங்கடா, முறைன்னு ஒன்னு இருக்குது" என்றாள்.

முறை என்று ஒன்று இருக்கத்தான் இருந்தது. நிலமோ கல்யாணமோ வண்டியோ, எதுவானாலும் அவர்கள் வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து, கடைசியில் வெற்றிலைத் தட்டு சுற்றிவரும். சம்மதம் என்றால் வலது கையால் தட்டைத் தொட வேண்டும். சம்மதமில்லை என்றால் தட்டைத் தள்ளிவைக்கலாம். அப்படித் தள்ளிவைத்துக் கல்யாணங்களே நின்றிருக்கின்றன. தொட்டுவிட்டால் தொட்டதுதான். பத்திரம், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கூடினார்கள். மாமாவின் பெரியப்பா வந்திருந்தார். அந்த வீட்டில் கடைசிச் சொல் அவருடையது. மாமாவைத் தலையணை அடுக்கி உட்காரவைத்திருந்தோம். வெள்ளைச் சட்டை போட்டு, அக்கா தலை சீவிவிட்டிருந்தாள். அவர் முகம் தெளிவாக இருந்தது. தம்பி எல்லாவற்றையும் சொன்னார், சொல்லும்போதே அழுதார். பெரியப்பா தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தார். "கேட்டுக்கிட்டயா சாமி? உனக்குச் சம்மதந்தான?"

மாமா யோசித்தார். நான் பார்த்தேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். திரைக்கு முன்னால் கோடை முழுக்க நான் பார்த்த முகம். பதற்றமில்லாமல், தன் முறை வந்துவிட்டது என்று தெரிந்த முகம். தொண்டை அசைந்தது. இடது கை போர்வையிலிருந்து மெல்ல எழுந்து தட்டை நோக்கி வந்தது. தள்ளுவதற்கு வந்தது. எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். பெரியப்பா அந்தக் கையை அன்பாகப் பிடித்துக் கீழே இறக்கினார். "பீச்சாங்கை வேண்டாஞ் சாமி, நல்ல காரியம்." அண்ணன் தொட ஆசைப்படுகிறார், முடியவில்லை என்று தம்பிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு குனிந்து, மடியில் உயிரில்லாமல் கிடந்த வலது கையை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி, வெற்றிலை மேல் வைத்தார்.

"பொறுங்க, அவர் இன்னும் சொல்லலை" என்று நான் சொன்னபோது கை வெற்றிலை மேல் இருந்தது. யாரோ, "மாப்ள, இது உங்க கம்ப்யூட்டரில்லீங்க" என்று சொல்ல, கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. எல்லாருக்கும் மனச்சுமை இறங்கியிருந்தது. இலை போட்டுவிட்டார்கள் என்று எழுந்து போனார்கள். கூடத்தில் பாய்களும், தட்டில் வெற்றிலையும் கிடக்க, கட்டிலருகே நானும் அக்காவும் இருந்தோம். மாமாவின் உதடு கூடிக்கொண்டேயிருந்தது. வெளியே பந்தியில் சாம்பாருக்கு யாரோ குரல் கொடுத்தார்கள். அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. "வேண்டா."

அக்கா பந்திக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னாள். அதுவரை அந்த வீட்டு ஆண்கள் சாப்பிடும் இடத்தில் அவள் குரல் உயர்ந்ததில்லை. தம்பி எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்து, "ஏனுங்கண்ணா, வேண்டாங்களா?" என்று கட்டில் ஓரத்தில் மண்டியிட்டார். மாமா அந்த ஒரு சொல்லுக்கே எல்லாவற்றையும் செலவழித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தம்பி கொஞ்ச நேரம் பார்த்தார். "களைப்பாயிருச்சுங்க அண்ணி. தொட்டப்புறம் என்னங்க பண்றது" என்று எழுந்து போனார். கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மாமா பெட்டியைத் தொடவில்லை. ஏற்றிவைத்துக் கையை எடுத்து வைத்தேன். கை வைத்த இடத்திலேயே கிடந்தது. சதுரம் எரிந்து அணைந்துகொண்டிருந்தது. கட்டிலையும் அவர் அடிக்கவில்லை. முதுகில் புண் வைத்து, காய்ச்சல் கண்டு, மழை முடியும் முன் இறந்துபோனார். அன்று இரவு பிணத்தருகே உட்கார்ந்திருந்தபோது அக்கா என்னிடம் சொன்னது இன்னும் என்னை விடவில்லை. "முன்னெல்லாம் கட்டலப் போட்டு அடிப்பாரு. உன்ற பொட்டி வந்தப்புறந்தாண்டா பொறுமை வந்துச்சு. அன்னைக்கு அடிச்சிருந்தாருன்னா, ஒருவேளை நின்னிருப்பாங்க." குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குத் தீராத ஒரு விஷயத்தை வாய்விட்டு யோசித்தாள். நானும் அன்றிலிருந்து யோசிக்கிறேன். உலகத்தில் தன் முறை என்று ஒன்று வரும், அதுவரை மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்று ஒரு பெட்டி அவருக்குக் காட்டிவிட்டது. அவர் நம்பிவிட்டார்.

இப்போது குமாரபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் வேலை ஓய்ந்த நேரத்தில் சுடுகிற விளையாட்டுகளும் ஓடுகிற விளையாட்டுகளும் ஆடுகிறார்கள். இமைத்தால் செத்தாய். இன்னமும் நீ அந்த நின்றுகொண்டிருக்கிற விளையாட்டையே கட்டிக்கொண்டு அழுகிறாயே என்கிறார்கள். அவை ஒரு மாதத்தில் சலித்துப்போய் அவர்கள் அடுத்ததற்கு மாறிவிடுகிறார்கள், நான் மாறவில்லை. சாமர்த்தியம், திட்டம், எதிராளி மனதைப் படிப்பது என்று இந்த விளையாட்டுகளின் ருசியைப் பற்றி நிறையச் சொல்லலாம். இன்னும் ஒரு ராடு என்கிற வெறியும் அதில் சேர்த்தி. எனக்கு அதெல்லாம் இரண்டாவதுதான். எதிரி நம்மைக் கொல்லத்தான் வருகிறான், ஆனால் நாம் யோசித்து முடிக்கும்வரை நிற்கிறான். மனிதர்களிடம் நான் இதைப் பார்த்தது கம்ப்ரஸரை அணைத்துவிட்டுத் திரும்பி நின்ற ஒருவரிடம் மட்டும். அவருக்காக யாரும் எதையும் அணைக்கவில்லை.

அந்த வருஷம் மழைக்கும் வண்டி ஊர் திரும்பாமல் வடக்கேயே நின்றுவிட்டதால் பெயர் மாற்றம் தள்ளிக்கொண்டே போய், மாமா இறந்தபோதும் அவர் பெயரிலேயே இருந்தது. இன்றும் இருக்கிறது. தம்பி இப்போது அதை விற்றுவிட்டுப் பெரிய வண்டி ஒன்றில் பங்கு சேரப் பார்க்கிறார். அதற்கு மாமா குடும்பத்தின் சம்மதம் வேண்டும். அக்காவிடம் வெற்றிலைத் தட்டை நீட்ட மாட்டார்கள், தாலி அறுத்தவள். அதனால் குழந்தை தொட்டால் போதும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். பாப்பா இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறாள். தட்டில் கல்கண்டு இருந்தால் தானே தொட்டுவிடுவாள்.

போன வாரம் அக்கா என்னை வரச் சொல்லியிருந்தாள். போனபோது மாடு கறந்துகொண்டிருந்தாள். கறந்துகொண்டே சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை கூடுகிறார்களாம். கூடத்தில், ஆண்களுக்கு நடுவில், அவளும் உட்காரப் போகிறாளாம். வண்டியைத் தன் பெயருக்குக் கேட்கப் போகிறாளாம். ஆள் வைத்து ஓட்டுவது எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாள். நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தட்டு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "பாப்பா கை ரெண்டையும் என்ற கைக்குள்ள வெச்சுக்குவேன். அவுங்க பேசட்டும், திட்டட்டும், எந்திரிச்சுப் போகட்டும். நீ பக்கத்துல உக்காந்துக்க. அவசரப்பட்டு எதும் பேசிப்போடாதே" என்றாள். மில்லில் வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் பஸ்ஸில் போகிறேன்.